கணக்குத் தணிக்கை உரிமம் பணி வாழ்வை உயர்த்துமா?

வணிகவியல் பயிலும் மாணவர் பலரும், அவர்தம் பெற்றோரும், பட்டயக் கணக்காளர் தகுதியை வாழ்க்கை முன்னேற்றத்துக்கான உறுதியான வழி எனக் கருதுகின்றனர். மக்கள் வழக்கில் 'ஆடிட்டர்' எனப்படும் இத்தொழிலுக்கு நம் நாட்டின் சிற்றூர்களிலும் மதிப்பு உண்டு. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் தொகை இன்று 4 லட்சத்தைக் கடந்துள்ளது. அக்கழகத்தின் தேர்வுகளுக்குப் பதிவு செய்துகொண்டு படிப்போர் அதைக் காட்டிலும் மிகப் பலர். இளமையின் பயனுள்ள ஆண்டுகள் பலவற்றை இத்தனை பேர் ஒரு தகுதிக்காகச் செலவிடும்போது, அத்தகுதி உண்மையிலேயே பணி வாழ்வை உயர்த்துகிறதா, எந்த அளவுக்கு உயர்த்துகிறது, யாருக்கு உயர்த்துகிறது என்னும் வினாக்களைப் பொருளாதார நோக்கில் ஆராய்வது பொருத்தமாகும்.

இவ்வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. உரிமத்தின் மதிப்பு ஒரே ஊற்றிலிருந்து சுரப்பதன்று. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிந்தால்தான், எவருக்கு அது பயன்படும் என்பதைக் கூற முடியும்.

தகுதி, உறுப்புரிமை, உரிமம்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பட்டயக் கணக்காளர் படிப்பு, தொடக்க நிலை, இடைநிலை, இறுதி நிலை என்னும் மூன்று தேர்வுகளைக் கொண்டது. இவற்றினிடையே, தொழில் நடத்தும் கணக்காளர் ஒருவரிடம் செயல்முறைப் பயிற்சி பெற வேண்டும். 'ஆர்ட்டிகிள்ஷிப்' எனப்படும் இப்பயிற்சிக் காலம் 3 ஆண்டுகளாக இருந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தின்படி 2 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், தொகுதியின் மொத்தத்தில் 50 சதவீதமும் பெற்றோரே தேர்ச்சி பெறுவர்.

இறுதித் தேர்வில் வெற்றி பெற்றுப் பயிற்சியையும் முடித்தவர் கழகத்தின் உறுப்பினராகலாம். உறுப்பினராவதால் மட்டும் அவர் பொதுமக்களுக்காகத் தணிக்கைத் தொழில் நடத்திவிட முடியாது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அதற்குத் தனியே தொழில் நடத்தும் சான்றிதழ் பெற வேண்டும். கண்டிப்பான பொருளில் 'உரிமம்' என்பது இச்சான்றிதழே. கழகத்தின் உறுப்பினரில் மிகப் பலர் இதனைப் பெறாமல், கம்பெனிகளிலும் வங்கிகளிலும் பிற அமைப்புகளிலும் ஊதியப் பணி புரிகின்றனர். அதாவது, நாம் 'ஆடிட்டர் படிப்பு' என்று கூறும் ஒன்றே இரு வேறு வாழ்க்கைப் பாதைகளுக்குத் திறவுகோலாக உள்ளது. இவ்விரு பாதைகளிலும் அதன் பயன் ஒரே தன்மையதன்று.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம் தணிக்கையாளருக்குச் சான்றிதழ் தேவை என வகுத்தது. 1918இல் பம்பாயில் அரசாங்கக் கணக்கியல் பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது. 1932ஆம் ஆண்டின் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள், நாடு முழுமைக்கும் 'பதிவு பெற்ற கணக்காளர்' என்னும் பிரிவினரை உருவாக்கின. விடுதலைக்குப் பின், 1949 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தொழிலின் கட்டுப்பாட்டை ஒரு சட்டமுறைக் கழகத்திடம் ஒப்படைத்தது. உற்பத்திச் செலவைக் கணக்கிடும் துறைக்கு 1959இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கம்பெனிச் செயலர்களுக்கு 1980இல் மற்றொரு சட்டம் வந்தது.

மதிப்பின் மூன்று ஊற்றுகள்

தொழில் உரிமம் ஒன்றினால் வருவாய் உயருமாயின், அவ்வுயர்வுக்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும் எனப் பொருளாதாரம் கூறுகிறது.

முதலாவது, திறமை. கல்வியும் பயிற்சியும் ஒருவரின் உழைப்பின் விளைவை உயர்த்துகின்றன. ஆகவே அவை எந்திரத்தில் இடும் முதலீட்டை ஒத்த மூலதனமே என்னும் கருத்தைக் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். இரண்டாண்டுக் காலம் பற்றுச்சீட்டுகளையும் பேரேடுகளையும் இருப்புப் பட்டியல்களையும் நேரில் சோதித்த இளைஞர், வகுப்பறையில் மட்டும் கணக்கியல் பயின்றவரைவிடத் திறமை பெற்றிருப்பது இயல்பே.

இரண்டாவது, அடையாளம். வேலைக்கு ஆள் எடுப்பவர், வந்து நிற்பவரின் திறனையும் விடாமுயற்சியையும் நேரில் அளந்தறிய இயலாது. கடினமான தேர்வொன்றில் அவர் வென்றிருப்பது, அத்திறனுக்குச் சான்றாக அமைகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கிய இக்கருத்தின்படி, படிப்பு ஒருவரின் திறனைச் சிறிதும் கூட்டாவிடினும் அவருடைய ஊதியத்தைக் கூட்டக்கூடும்.

மூன்றாவது, சட்டம் ஒதுக்கித் தரும் உரிமை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, ஒரு கம்பெனியின் தணிக்கையாளராகப் பட்டயக் கணக்காளர் மட்டுமே நியமிக்கப்படலாம். எத்துணைத் திறமை இருப்பினும் மற்றவர் அங்குக் கையொப்பமிட முடியாது. இவ்வாறு போட்டி குறைவதால் கிடைக்கும் கூடுதல் வருவாய், திறமைக்குக் கிடைக்கும் கூலியினின்று வேறானது. மில்டன் ஃப்ரீட்மனும் சைமன் குஸ்னெட்சும் 1945இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் முதலிய சுதந்திரத் தொழிலாளரின் வருவாயை ஆராய்ந்து, தொழிலுக்குள் நுழைவதில் உள்ள தடைகளுக்கும் வருவாய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது.

இம்மூன்றும் நடைமுறையில் பின்னிக் கிடப்பினும், பிரித்துப் பார்ப்பதால் ஒரு நன்மை உண்டு. திறமை அதனைப் பெற்றவரிடமே தங்குகிறது, பயன்படுத்தாவிடில்தான் தேய்கிறது. அடையாளத்தின் மதிப்பு, அதனைப் பெற்றோரின் தொகையைப் பொறுத்தது. சட்ட உரிமையின் மதிப்போ, நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு திருத்தத்தையும் பொறுத்தது.

கையொப்பத்தின் ஏற்றமும் இறக்கமும்

தொழில் நடத்தும் கணக்காளரின் வருவாயில் சட்டத்தின் பங்கு எத்தகையது என்பதை வரித் தணிக்கையின் வரலாறு நன்கு காட்டும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 44ஏபி என்னும் பிரிவு, 1984ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வணிகர், தம் கணக்குகளைப் பட்டயக் கணக்காளரைக் கொண்டு தணிக்கை செய்விக்க வேண்டும் என்று அது விதித்தது. அதுவரை கம்பெனிகளையே பெரிதும் நம்பியிருந்த இத்தொழிலுக்குச் சிறு நகரங்களின் மளிகை மண்டிகளும் நெசவுக் கூடங்களும் அரிசி ஆலைகளும் வாடிக்கையாயின.

பின்னர் அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2010இல் 60 லட்சமாகவும், 2012இல் ஒரு கோடியாகவும் ஆயிற்று. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் 5 சதவீதத்துக்கு மேற்படாத வணிகருக்கு, அது 2020இல் 5 கோடியாகவும் 2021இல் 10 கோடியாகவும் உயர்த்தப்பட்டது. விலைவாசி உயர்வைக் கருதும்போது தொடக்கத்தில் ஏற்பட்ட உயர்வு இயல்பானதே. ஆனால் இறுதியாக வந்த உயர்வுகளின் நோக்கம் வேறு: ரொக்கமில்லாப் பரிமாற்றத்தை ஊக்குவிப்பதும், சிறு வணிகரின் சுமையைக் குறைப்பதும் ஆகும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் வரித் தணிக்கை இடம் பெற்றுள்ளது.

சரக்கு மற்றும் சேவை வரியின் அனுபவம் இதனினும் தெளிவானது. 2017 ஜூலையில் அவ்வரி நடைமுறைக்கு வந்தபோது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றுமுதல் உடையோர் பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளரின் தணிக்கையைப் பெற வேண்டும் என்று சட்டம் கூறியது. பலர் இதனை நம்பி அலுவலகம் விரித்தனர், உதவியாளரை நியமித்தனர். 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அக்கட்டாயத்தை நீக்கி, வரி செலுத்துவோர் தாமே சான்றளிக்கும் முறையைப் புகுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. நான்காண்டுகளுக்குள் சட்டம் ஒரு வேலையைப் படைத்து, அதனை நீக்கியும் விட்டது.

இதனால் அறியப்படுவது யாது? கையொப்ப உரிமையை மட்டும் முதலாகக் கொண்டு தொழில் நடத்துபவர், அரசின் கொள்கையோடு சேர்ந்தே ஏறி இறங்க வேண்டியவராகிறார். வணிகருக்கு நிதித் திட்டம் வகுப்பது, வங்கிக் கடனுக்கு வேண்டிய மதிப்பீட்டைத் தயாரிப்பது, உள்கட்டுப்பாட்டு முறைகளை அமைப்பது போன்றவற்றில் திறமை பெற்றவருக்கு இவ்விறக்கம் அத்துணை வருத்தம் தருவதில்லை. வணிகர் அவரை நாடி வருவது சட்டத்தின் கட்டாயத்தால் மட்டுமன்று. தம் தேவையாலும் ஆகும்.

ஒதுக்கப்பட்ட வேலையும் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. பழைய நிறுவனங்களிடம் பெரிய கம்பெனிகள் தேங்கிவிடாதிருக்க, 2013ஆம் ஆண்டுச் சட்டம் சுழற்சி முறையை வகுத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளிலும், விதிகளில் குறிப்பிட்ட வேறு கம்பெனிகளிலும், தனி ஒருவர் தொடர்ந்து 5 ஆண்டுகளும், ஒரு தணிக்கை நிறுவனம் இரு தவணைகளாக 10 ஆண்டுகளும் மட்டுமே தணிக்கையாளராக இருக்கலாம். சில சிறு கம்பெனிகள் நீங்கலாக, ஒருவர் ஏற்கும் கம்பெனித் தணிக்கைகள் 20க்கு மேற்படலாகாது. வரித் தணிக்கைக்குக் கழகம் 60 என்னும் வரம்பை வைத்துள்ளது. எனினும், முதல் வாடிக்கையாளரைப் பெறுவதே புதியவருக்குப் பெரிய இடர். தொழில் நடத்துபவர் வாடிக்கையாளரை நாடி விளம்பரம் செய்வதை ஒழுக்க விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே குடும்பத் தொடர்போ, மூத்தவர் ஒருவரின் ஆதரவோ இல்லாத இளைஞருக்கு, சான்றிதழ் பெற்ற முதல் சில ஆண்டுகள் வறட்சியாகவே கழியக்கூடும்.

ஊதியப் பணியில் உரிமம்

ஊதியப் பணிக்குச் செல்வோரிடம் கையொப்ப உரிமைக்கு வேலையில்லை. ஒரு கம்பெனியில் பணிபுரியும் கணக்காளர் அதே கம்பெனியின் தணிக்கையாளராக இருக்கச் சட்டம் இடந்தராது. அங்கு அவருக்கு ஊதியம் தருவது அவரது திறமையும், தேர்ச்சியால் வந்த அடையாளமுமே. பொதுத்துறை நிறுவனங்கள் நிதிப் பிரிவு அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளர் தகுதியைக் கேட்பது வழக்கம். இவ்விடங்களில் அத்தகுதி வாயிற்கதவைத் திறக்கிறது என்பதில் ஐயமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மார்ச்சில் இத்தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. அதனால் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் செல்ல விரும்புவோருக்கும் வழி ஏற்பட்டது.

ஆயினும் கதவு திறப்பது வேறு. மாடி ஏறுவது வேறு. பணியில் சேர்ந்து பத்தாண்டுகளுக்குப் பின் பதவி உயர்வை உறுதி செய்வது, பொறுப்பேற்கும் துணிவும், பிறரை வழிநடத்தும் ஆற்றலும், தாம் பணியாற்றும் தொழிலைப் பற்றிய அறிவும் ஆகும். ஓர் உருக்காலையின் நிதி அலுவலர் உருக்கு எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை அறியாவிடில், அவரது கணக்கறிவு பாதியே பயன்படும்.

வெளிநாட்டு உரிமங்கள் இவ்வகையில் ஓர் உரைகல்லாக அமைகின்றன. அமெரிக்காவில் கணக்காளர் உரிமத்தை மாநிலங்களே வழங்குகின்றன. முதல் சட்டம் 1896இல் நியூயார்க் மாநிலத்தில் இயற்றப்பட்டது. 'சி.பி.ஏ.' எனப்படும் அவ்வுரிமத்துக்கான தேர்வை 2020 முதல் இந்தியாவிலேயே எழுத முடிகிறது. இத்தகுதியைப் பெற்ற இந்தியர் நம் நாட்டுக் கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிட முடியாது. எனினும், அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு வேலைகளை இங்கிருந்தபடியே செய்துதரும் அமைப்புகள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் இவர்களை வேலைக்கு அமர்த்துகின்றன. சட்டம் தரும் ஒதுக்கீடு சிறிதும் இல்லாதபோதும் ஓர் உரிமம் வேலை தேடித் தருமாயின், அப்பயன் முழுவதும் திறமையாலும் அடையாளத்தாலும் வந்ததே. அத்தகைய உரிமத்தைப் பெற முனைவோர், அது எந்த வேலைக்கு வேண்டப்படுகிறது, அவ்வேலை தம் ஊரில் உண்டா என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

அரசுப் பணியில் நிலைமை மேலும் வேறானது. இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணியில் சேரக் குடிமைப் பணித் தேர்வே வழி; எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அதனை எழுதலாம். தணிக்கைத் துறையின் கீழ்நிலைப் பணியாளருக்கோ, எஸ்.ஏ.எஸ். எனப்படும் துறைத் தேர்வே உயர்வுக்கான படி. அதில் வென்றவர் உதவித் தணிக்கை அலுவலர் ஆகிறார். வெல்லாதவர் ஆண்டுகள் பல கழிந்தும் அவ்வாயிலைக் கடப்பதில்லை. துறைக்கு வெளியே அத்தேர்வுக்கு மதிப்புக் குறைவு; உள்ளேயோ அதற்கு ஈடானது வேறில்லை. ஒரு தகுதியின் மதிப்பு, அது எந்தச் சந்தையில் செல்லுபடியாகும் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இஃது எளிய சான்று.

தேர்ச்சி பெறாதோரின் கணக்கு

உரிமம் பெற்றோரின் வருவாயைப் பெறாதோரின் வருவாயோடு ஒப்பிட்டு, 'உரிமம் வாழ்வை உயர்த்துகிறது' என முடிவு கூறுவது எளிது. ஆனால் படிப்பில் சேரும் நாளில் மாணவர் எவரும் உரிமம் பெற்றவராக இல்லை. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில், சட்டத் தொழிலைப் பரிசுச் சீட்டோடு ஒப்பிட்டார். பலர் தோற்றுச் சிலரே வெல்லும் தொழிலில், வென்றவர் பெறுவதை மட்டும் பார்த்து இளைஞர் மயங்குகின்றனர் என்பது அவர் கருத்து. இஃது இன்றைய கணக்காளர் தேர்வுக்கும் பொருந்தும்.

2023 நவம்பர் இறுதித் தேர்வில் இரு தொகுதிகளையும் ஒருங்கே எழுதியோரில் 9.42 சதவீதத்தினரே தேர்ச்சி பெற்றனர். அத்தேர்வின் முடிவில் முழுத் தகுதி பெற்றோர் 8,650 பேர். 2024 மே தேர்வில் இவ்விகிதம் 19.88 சதவீதமாக உயர்ந்தது. தகுதி பெற்றோர் 20,446 பேர். ஆறு மாத இடைவெளியில் இத்தொகை இரு மடங்குக்கு மேல் ஆனதை நோக்குக. இவ்விகிதங்களைக் கையாள்வதில் கவனம் தேவை. ஒரு தேர்வில் 100 பேரில் 10 பேர் வென்றனர் என்றால், ஒருவர் என்றேனும் வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்பது பொருளன்று. பலர் ஒரு தொகுதியை இம்முறையும் மற்றொன்றை மறுமுறையுமாக எழுதி வெல்கின்றனர். மறுபுறம், தொடக்க நிலையிலும் இடைநிலையிலும் நின்றுவிட்டவர்கள் இறுதித் தேர்வின் விகிதத்தில் இடம் பெறுவதே இல்லை.

இழப்பின் அளவை அறிய ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் உடனே வேலைக்குச் சென்றால் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஈட்டுவார் எனக் கொள்வோம். கணக்காளர் தேர்வுக்காக அவர் மேலும் 2 ஆண்டுகள் வருவாயின்றிப் படித்தால், இழப்பது 6 லட்சம். தகுதி பெற்றபின் ஆண்டுக்கு 4 லட்சம் கூடுதலாகக் கிடைக்குமாயின், வெற்றி உறுதியான நிலையில் ஒன்றரை ஆண்டில் இழப்பு ஈடாகிவிடும். வெற்றி வாய்ப்பு ஐந்தில் ஒன்று எனில், எதிர்பார்க்கத்தக்க கூடுதல் வருவாய் ஆண்டுக்கு 80,000 ரூபாயே. இழப்பு ஈடாக ஏழரை ஆண்டுகள் ஆகும். இனி, தோல்வியுற்றவருக்கும் அப்பயிற்சியினால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமாயின், எதிர்பார்க்கத்தக்க மொத்தம் 1,20,000 ரூபாய் ஆகிறது. காலமும் 5 ஆண்டுகளாகக் குறைகிறது.

இக்கணக்கில் வட்டி சேர்க்கப்படவில்லை. எண்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே. எனினும் அதன் படிப்பினை தெளிவானது. உரிமம் பெற்றவரின் ஊதியத்தைவிட, வெற்றி வாய்ப்பும், வெல்லாதவருக்கு எஞ்சுவதும் முடிவை அதிகம் மாற்றுகின்றன. 'இன்னும் ஒரு முறை எழுதிப் பார்க்கலாம்' என்று ஐந்தாறு ஆண்டுகளைக் கழிப்பவர், ஒவ்வொரு முறையும் இக்கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்த்தல் வேண்டும். கழிந்த ஆண்டுகள் திரும்ப வாரா; அவற்றைக் கருதி மேலும் ஆண்டுகளைச் செலவிடுவது பொருளாதார நெறியன்று.

வெல்லாதவருக்கு வழிகள் இல்லாமல் இல்லை. கணக்கெழுதுவதும் வரிப் படிவங்களைத் தயாரிப்பதும் உரிமம் பெற்றவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை அல்ல. வணிகவியல் பட்டதாரிகள் உரிய தேர்வெழுதி, சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையாளராகப் பதிவு செய்துகொள்ள விதிகள் இடமளிக்கின்றன. தணிக்கை அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவுகளிலும் இடைநிலைத் தேர்ச்சியும் பயிற்சியும் பெற்றோர் ஏராளமாகப் பணிபுரிகின்றனர். நம் வணிகத்தின் அன்றாடக் கணக்குகளைத் தாங்கி நிற்போரில் இவர்களின் பங்கு பெரிது. ஆனால் அவர்கள் பெற்ற திறமைக்கு ஏற்ற அடையாளம் அவர்களிடம் இல்லை. 'முடிக்காதவர்' என்னும் பெயரே எஞ்சுகிறது.

உரிமத்தோடு வரும் பொறுப்பு

வருவாயை மட்டும் கருதி இத்தொழிலுக்கு வருவோர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. உரிமம் பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கும் ஆசிரியரோ ஓய்வூதியரோ, அதன் கணக்குகளைத் தாமே சோதிக்க முடியாது. தணிக்கையாளரின் கையொப்பத்தையே நம்புகின்றனர். 2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி, அந்நம்பிக்கையை உலுக்கியது. அதன்பின் இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏமாற்றும் நோக்குடன் விதிகளை மீறும் தணிக்கையாளருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் நிறுவப்பட்டு, பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளரை விசாரித்து ஒறுக்கும் அதிகாரம் பெற்றது. கையொப்பமிடும் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இடும் முறையை 2019இல் கழகம் கட்டாயமாக்கியது. போலிக் கையொப்பங்களைத் தடுப்பதோடு, உண்மைக் கையொப்பத்துக்கு உரியவர் பின்னாளில் மறுக்க முடியாதபடியும் இது செய்கிறது.

கணிப்பொறியின் வளர்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. பேரேட்டில் பதிவதும், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதும், படிவம் நிரப்புவதும் எந்திரத்தின் வேலையாகி வருகின்றன. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தானே பதிவு செய்து வைக்க வேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இனி எஞ்சுவது, 'இக்கணக்கு உண்மையானதா' என்று ஐயுற்றுக் கேட்கும் அறிவும், வேண்டியவரிடமும் 'இல்லை' என்று கூறும் துணிவுமே. இவை எந்திரத்தால் செய்ய இயலாதவை. தேர்வினால் முற்றும் அளக்க இயலாதவையும் ஆகும்.

நாட்டு நோக்கில்

தனிமனிதருக்கு நன்மையான உரிமம் நாட்டுக்கும் நன்மையாக இருக்க வேண்டுமாயின், நுழைவாயிலின் உயரம் பொருத்தமாக அமைதல் வேண்டும். மிகத் தாழ்ந்திருப்பின் கையொப்பத்தின் மீதுள்ள நம்பிக்கை குலையும். மிக உயர்ந்திருப்பின் சிறு வணிகருக்குச் சேவை கிட்டாது, கட்டணமும் உயரும். அமெரிக்க மாநிலங்கள் பல, நான்காண்டுப் பட்டத்துக்கு மேல் ஓராண்டுக் கல்லூரிப் படிப்பையும் உரிமத்துக்குக் கட்டாயமாக்கியிருந்தன. அவ்விதி தொழிலுக்கு வருவோரின் தொகையைக் குறைத்ததேயன்றித் தரத்தை உயர்த்தவில்லை என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. 2025 முதல் ஒகையோ உள்ளிட்ட மாநிலங்கள், கூடுதல் படிப்புக்குப் பதிலாகக் கூடுதல் பணி அனுபவத்தை ஏற்கும் வகையில் சட்டத்தைத் திருத்தி வருகின்றன.

நம் நாட்டில் சீர்திருத்தம் வேண்டுவது, இறுதித் தேர்வின் கடுமையில் அன்று. இடைவழியில் நிற்போரின் நிலையில் ஆகும். இடைநிலைத் தேர்வையும் பயிற்சியையும் முடித்தவருக்கு, அவர்தம் திறமையின் அளவைத் தெளிவாகக் கூறும் சான்று ஒன்று வேலை வழங்குவோரால் ஏற்கப்படுமாயின், மேலே கண்ட கற்பனைக் கணக்கில் தோல்வியுற்றவருக்கு எஞ்சும் பங்கு உயரும். அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கணக்குப் பணியாளரை எடுக்கும்போது இத்தகையோரைக் கருதலாம். ஊராட்சிகளின் கணக்குகளை ஒழுங்குபடுத்தப் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்படும் நாட்டில், இலட்சக்கணக்கானோர் பெற்ற பயிற்சி அடையாளமின்றிக் கிடப்பது மனித மூலதனத்தின் வீணடிப்பே.

முடிவுரை

உரிமம் பணி வாழ்வை உயர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் அது தானே உயர்த்துவதில்லை. கையொப்ப உரிமை சட்டத்தோடு மாறும். அடையாளம் முதல் வேலைக்கு உதவி, பின்னர் மங்கும். திறமை ஒன்றே இறுதிவரை துணை நிற்கும். ஆகவே இப்படிப்பில் சேர எண்ணும் மாணவர் நான்கு வினாக்களுக்கு விடை கண்டபின் சேர்வது நன்று. தாம் விரும்புவது தனித் தொழிலா, ஊதியப் பணியா? விரும்பும் பணிக்கு இவ்வுரிமம் இன்றியமையாததா, அன்றிச் செலவுக் கணக்காளர் தகுதியோ துறைத் தேர்வோ போதுமா? எத்தனை முறை எழுதிய பின் வேறு வழி தேடுவது? வெற்றி கிட்டாவிடில், கற்றவற்றில் எது கையில் எஞ்சும்?

மூன்றாம் வினாவின் விடையைப் படிப்பில் சேரும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வது பயன் தரும். தோல்விக்குப் பின் எடுக்கும் முடிவில் வருத்தமும் மானமும் கலந்துவிடுகின்றன. பெற்றோர் அம்முடிவை மதித்து நடப்பார்களாயின், திறமை வாய்ந்த இளைஞர் பலர் தம் இருபதுகளின் ஆண்டுகளைத் தேர்வு அறைக்கும் முடிவு அறிவிப்புக்கும் இடையே கழிக்காமல், தமக்கும் நாட்டுக்கும் பயன்படும் வேலையில் காலத்தே அமர்வர்.